பிற நகரங்கள்

மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து படித்ததை அவர் மனைவி ஒருநாளும் பார்த்ததில்லை. வாசலில் தாள் விழும் ஓசை கேட்டதும் அவரே போய் எடுத்து வருவார். மேசையில் விரித்து, நடு மடிப்பை உள்ளங்கையால் நீவுவார். அரசாங்கம் கவிழ்ந்திருந்தாலும் சரி, விலைவாசி ஏறியிருந்தாலும் சரி, நேரே கடைசிக்கு முந்திய பக்கத்துக்குப் போவார். அங்கே குறுக்கெழுத்துப் புதிருக்கும் ரயில் நேரங்களுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்தில், ‘பிற நகரங்கள்’ என்ற தலைப்பில் ஒரு கட்டம் இருக்கும். இடப்பக்கம் ஊர்ப்பெயர், அதை அடுத்து ‘நேற்று’, அதை அடுத்து ‘இன்று’. ஊர்களின் வரிசையில் ஏறக்குறைய அடியில் வரும் துறைமுக நகரத்தின் மேல் அவர் விரல் போய் நிற்கும். அவருடைய ஒரே மகள் அங்கே டிராம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்ததும் தொலைபேசியை எடுப்பார். அவள் வேலைக்குக் கிளம்பும் நேரமாக இருக்கும்.

“நேத்து அங்க நல்ல மழையாமே?”

“ஆமாப்பா. கொஞ்சம்.”

“இன்னிக்கும் இருக்கு. குடையை மறந்துடாதே.”

“சரிப்பா.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் அவருக்கு முதல் பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த ஒரு வரி அவரோடு கூடவே இருக்கும். தெருவில் வெயில் கொளுத்தும். அவர் மனமோ எங்கோ தொலைவில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். டிராமின் முன்கண்ணாடியில் துடைப்பான் இப்படியும் அப்படியும் அசைவதையும், அதன் பின்னே மகள் முன்னோக்கிக் குனிந்து பாதையைப் பார்ப்பதையும் அவர் காண்பார். மாத்திரை கேட்டு வந்தவர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும். அவள் வசித்த அறையை அவர் பார்த்ததில்லை. அவள் நடக்கும் தெருவும் அவருக்குத் தெரியாது. அந்த ஊரில் அவர் அறிந்திருந்தது வானம் ஒன்றைத்தான். அதையாவது சரியாக அறிந்திருக்கிறோம் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

அச்சிட்ட எழுத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை தொழிலோடு வந்தது. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்துகளை நம்பித்தான் அவர் மருந்து கொடுத்தார். அவரை நம்பித்தான் ஊர் அதை விழுங்கியது. மகள் ஒருமுறை அவர் கைபேசியிலேயே வானிலை பார்க்கும் வசதியைச் செய்து கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டொரு நாள் பார்த்துவிட்டு அதை ஒதுக்கிவிட்டார்.

“காலையில ஒண்ணு சொல்லுது, மத்தியானம் அதை அழிச்சிட்டு வேற சொல்லுது. சொன்ன சொல்லுல நிக்காத சாமான். அச்சுல வந்தது அப்படிப் பின்வாங்குமா?”

“நாளைக்கு நீங்க செத்துட்டீங்கன்னு பேப்பர்ல போட்டா, கடையைச் சாத்திட்டு வந்து படுத்துக்குவீங்க” என்றாள் மனைவி.

“வயசு சரியாப் போட்டிருக்கானான்னு பார்த்துட்டுப் படுப்பேன்.”

அந்த ஆண்டு மனைவிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மகள் விடுப்பு வாங்கி, ரயிலில் இடம் பதிந்து, முதல் நாள் கிளம்பி விடியற்காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மருந்துக்கடைக்காரர் அவளுடைய பழைய அறையைத் தாமே பெருக்கினார். மூடாமல் அடம்பிடித்த ஜன்னலின் கீலுக்கு எண்ணெய் விட்டார். அலமாரியில் அடுக்கியிருந்த மருந்துப் பெட்டிகளை எல்லாம் கடைக்கே திருப்பி எடுத்துச் சென்றார். சிகிச்சைக்கு முதல் நாள் கடையில் சில்லறையைத் தவறாக எண்ணிக் கொடுத்தார்.

மாலையில் அவள் அழைத்தாள். பின்னணியில் ஏதோ பெரிய இரைச்சல்.

“அப்பா, ரயிலை நிறுத்திட்டாங்க. காத்து பேயா அடிக்குது. பாதை முழுக்க மரம் விழுந்து கிடக்காம். இங்க டிராம் கம்பிகூட அறுந்து தொங்குது. நாளைக்கு வந்து சேர முடியாதுன்னு தோணுதுப்பா.”

“பரவாயில்லை. பத்திரமா இரு” என்றார். அப்போது அவர் அதை நம்பவே செய்தார்.

மறுநாள் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் பழக்கத்தின்படி தாளை விரித்தார். துறைமுக நகரம். நேற்று: தெளிந்த வானம், இளங்காற்று. இன்று: தெளிந்த வானம். விரலை வைத்து மறுபடியும் படித்தார். வரி மாறிப் படித்துவிட்டோமோ என்று வரிக்கு அடியில் ஓர் அட்டையை வைத்துப் பார்த்தார். வரி மாறவில்லை. மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

ரயில் நிலையத்துக்குப் போய் விசாரித்திருக்கலாம். அது அவர் கடையிலிருந்து நடக்கும் தொலைவில்தான் இருந்தது. ஆனால் அச்சில் வந்ததை வாய்வார்த்தையாகப் போய் விசாரிப்பது, மருத்துவர் எழுதிய சீட்டை வழியில் போகிறவரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்பது போல அவருக்குப் பட்டது. தொலைபேசியை எடுத்தார்.

“அங்க நேத்து வானம் தெளிவா இருந்துச்சாமே.”

“என்னப்பா சொல்றீங்க?”

“இளங்காத்துன்னு போட்டிருக்கான். வர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லிட்டுப் போ. அம்மாவுக்குக் கண்ணுல கத்தி வைக்கிற நாள்ல பொய் எதுக்கு?”

“நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேம்பா.”

“இந்தப் பேப்பர் என்னிக்காவது தப்பினதுண்டா? தினமும் நான் கேக்கறப்ப நீதானே ஆமா, ஆமான்னு சொன்னே?”

“அந்தப் பேப்பர்காரங்கள்ல யாரு வந்து எங்க ஊர் வானத்தைப் பார்த்தாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்கப்பா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காலை வேளைகளில் அவர் தொலைபேசியை எடுப்பது நின்றது, மகளும் அழைக்கவில்லை. இவராக அழைத்த ஒரு நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தாயோடு மட்டும், அவர் கடைக்குப் போன பிறகு, அவள் பேசிக்கொண்டிருந்தாள். மாலையில் வந்து, “என்ன சொன்னா?” என்று கேட்பார். “நல்லா இருக்காளாம்” என்பாள் மனைவி. அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

அவர் மட்டும் காலைதோறும் அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அந்த வரி ஒரு பேச்சின் தொடக்கமாக இருந்தது. இப்போது மகளில் அவருக்கு மிஞ்சியிருந்ததே அந்த வரிதான். ‘சாரல்’ என்று இருந்தால், குடை எடுத்துக்கொண்டாளா என்று நினைப்பார். ‘கடுங்குளிர்’ என்று இருந்தால், கழுத்துத் துணியைத் தேடியெடுத்தாளா என்று நினைப்பார். கேட்க வழியில்லாமல் தாளை மடித்து வைப்பார். மடித்ததை மறுபடி விரிப்பார்.

மனைவிக்குக் கண் தெளியும்வரை அவர்தான் செய்திகளைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை, “துறைமுக நகரம். நேற்று, சாரல். இன்று, சாரல்” என்று தொடங்கினார்.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: “ஒரு அணில் இருந்துச்சாம்.”

“எந்தப் பக்கத்துல போட்டிருக்கான்?”

“பேப்பர்ல இல்லை. நான் சொல்றேன், கேளுங்க. அந்த அணிலோட பொண்ணு ஆத்துக்கு அக்கரையில ஒரு மரத்துக்குக் குடி போச்சாம். அக்கரையில மழையா வெயிலான்னு தெரிஞ்சுக்க, தாய் அணில் தினமும் ஆத்துத் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருக்குமாம். தண்ணியில மேகம் தெரிஞ்சா மழை, தெரியலைன்னா வெயில். ஒரு நாள் பொண்ணு அக்கரையில நின்னு, ‘அம்மா, நான் நனையறேன்’னு கத்துச்சாம். ‘சும்மா கத்தாதே, ஆறு அப்படிச் சொல்லலையே’ன்னுச்சாம் தாய்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? பொண்ணு கத்துறதை நிறுத்திடுச்சு. அணில் இன்னும் ஆத்தையே பார்த்துக்கிட்டு இருக்கு. தேநீர் ஆறுது, குடிங்க.”

அவர் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டுத் தாளை மடித்தார்.

“அவ உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா. யாரு வந்து பார்த்தாங்கன்னு. அதுக்குப் பதில் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அவளைப் பொய்க்காரின்னு சொல்லுங்க, நானும் கூடச் சேர்ந்து சொல்றேன்” என்றாள் மனைவி.

அன்று பிற்பகல் அவர் கடையைச் சாத்திவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். கேள்விக்குப் பதில் வாங்கி மகளுக்குச் சொல்லிவிட வேண்டும். துறைமுக நகரத்தில் ஒருவர் இருப்பார், கருவிகளோடு, தினமும் வானத்தை அளந்து அனுப்புகிறவர். அந்த மனிதரின் பெயரைச் சொன்னால் அவள் வாயடைத்துப் போவாள். வழியெல்லாம் அப்படித்தான் எண்ணிக்கொண்டு நடந்தார். ஆனாலும் அவள் வாயடைத்துப் போவதை நினைக்க அவருக்கு ஏனோ சுகப்படவில்லை.

அலுவலகத்தின் முன்னறையில் விளம்பரங்களைப் பெற்றுக்கொள்ளும் பெண்மணி நிமிராமலே கேட்டார்: “விளம்பரமா, இரங்கலா?”

“வானிலை.”

அந்த அம்மாள் நிமிர்ந்தார். “மழை வரலைன்னு புகாரா?”

“வெளியூர் வானிலையை யார் போடறாங்கன்னு தெரியணும்.”

“அதுவா? மாடியில ஜன்னலோரம் கட்டக்காரர் இருப்பார், போங்க.”

குறுக்கெழுத்து, ரயில் நேரம், வானிலை என்று பத்திரிகையில் கட்டத்துக்குள் வருவதெல்லாம் அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணினித் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ‘பிற நகரங்கள்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அதையெல்லாம் படிக்கிறீங்களா?”

“தினமும்.”

“தினமுமா? உக்காருங்க ஐயா, உக்காருங்க. குறுக்கெழுத்துல ஒரு விடை தப்பிப்போனா ஊரே கூடித் திட்டும். இந்தக் கட்டத்துக்குன்னு ஒருத்தர் படியேறி வந்தது இன்னிக்குத்தான்.” யாரையோ கூப்பிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

“துறைமுக நகரத்துல உங்க ஆள் யாருங்க?”

“ஆளா?”

“வானத்தைப் பார்த்துச் சொல்றவர்.”

கட்டக்காரர் சிரித்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“முன்னாடி ஒரு செய்தி நிறுவனம் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க ஐயா. அப்புறம் அதை நிறுத்தியாச்சு. என்ன பண்றதுன்னு ஆசிரியர்கிட்ட கேட்டேன். கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னுட்டார்.”

“அதனால?”

“போன வருஷம் இதே தேதிப் பக்கத்தை எடுத்து, அதுல இருக்கிறதை அப்படியே போட்டுடுவேன். மழைக்காலத்துல மழை, வெயில் காலத்துல வெயில். பெரிசாத் தப்பாதுன்னு ஒரு நினைப்பு.”

“போன வருஷத்துல இருந்தது?”

“அதுக்கு முந்தின வருஷத்துது.”

“அது?”

கட்டக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“அதுவும் அப்படித்தான் ஐயா.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பின்னோக்கி வந்து நின்றது. காகித உருளைகளை இறக்கும் ஓசை கீழிருந்து வந்தது. மருந்துக்கடைக்காரர் மனத்துக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவள் அந்த ஊருக்குப் போவதற்கு முன்பே பெய்து, வடிந்து, காய்ந்துபோன மழைக்கு அவர் காலைதோறும் அவளைக் குடை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவள் நனைந்த நாட்களில் வெயில் என்று சொல்லியிருக்கிறார். தொலைவிலிருந்து ஒளி வந்துசேரும் முன்பே அவிந்துபோன விண்மீனைப் பார்த்தபடி, அதோ எரிகிறது என்று மகிழ்ந்தவர் போல இருந்திருக்கிறார்.

“அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார் கட்டக்காரர்.

“பொண்ணு. டிராம் ஓட்டறா.”

தேநீர் வந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. நடந்ததை மருந்துக்கடைக்காரர் சுருக்கமாகச் சொன்னார். கட்டக்காரர் கேட்டுக்கொண்டே நாற்காலியில் சிறுத்துப் போனார்.

“எனக்கு இப்படி ஒருத்தர் இருப்பீங்கன்னு தோணவே இல்லை ஐயா. யாரும் பார்க்காத மூலைன்னு நினைச்சேன். ஆசிரியர் என்ன சொன்னாலும் சரி, நாளைக்கே திருத்தம் போட்டுடறேன்.”

“போடுங்க. போட வேண்டியதுதான்.” எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். “ஆனா அவளைப் பொய்க்காரின்னு சொன்னது உங்க பத்திரிகை இல்லைங்க. அது என் வாய்.”

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வியப்படையவில்லை. அதுதான் அவருக்கு வியப்பாக இருந்தது.

“ஒண்ணு மட்டும் புரியலை. அத்தனையும் தப்புன்னா, தினமும் நான் கேக்கறப்ப அவ எதுக்கு ஆமான்னு சொன்னா?”

“உங்க குரல்தான். ‘மழையாமே’ன்னு கேக்கறப்ப, பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி அவ்வளவு சந்தோஷமாக் கேப்பீங்களாம். இல்லைன்னு சொல்ல மனசு வரலையாம். ‘அம்மா, அப்பா என்கூட இருக்கிறதே அந்த நேரத்துலதான், அதை எதுக்குக் கெடுக்கணும்’னு கேட்டா.” மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “நீங்க சொன்னா வெயில்லயும் குடை எடுத்துட்டுப் போவாளாம். டிராம் பணிமனையில அவளுக்குக் குடைக்காரின்னே பேரு.”

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“அன்னிக்குப் பாதை சரியாகறதுக்குள்ள லீவு தீர்ந்துபோச்சு. ஸ்டேஷன்லயே பெட்டி மேல உக்காந்திருந்தாளாம். அதையும் உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். எந்தப் பேப்பர்ல போட்டிருக்குன்னு கேப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

மறுநாள் தாள் வந்து விழுந்தது. எடுத்தார், விரித்தார், நீவினார். கட்டக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். எல்லா ஊர்களுக்கும் நேராக ‘தகவல் இல்லை’ என்று இருந்தது. கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில், ‘இப்பகுதியில் இதுவரை வெளிவந்தவை உறுதி செய்யப்படாதவை. வருந்துகிறோம்’ என்று ஒரு வரி.

துறைமுக நகரத்தின் மேல் விரலை வைத்தார். அந்த ஊரின் வானம் முதல்முறையாக அவர் கையைவிட்டுப் போயிருந்தது. அங்கே இப்போது வெயிலாக இருக்கலாம், இடியாக இருக்கலாம், அவள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம், மூடியிருக்கலாம். ஒன்றும் தெரியாது. தெரியாதபோது அவள் எவ்வளவு தொலைவில் இருக்கிறாள் என்பது அன்றுதான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது.

தொலைபேசியை எடுத்தார். மணி வெகுநேரம் அடித்தது. மனைவி கதவருகே வந்து நின்றுகொண்டாள்.

“சொல்லுங்கப்பா.” குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“அங்க இப்ப எப்படிம்மா இருக்கு?”

“ஏன், பேப்பர் வரலையா?”

“வந்திருக்கு. தகவல் இல்லைன்னு போட்டிருக்கான்.”

“ஓ.”

“போய்க் கேட்டேன்மா. யாரும் வந்து பார்க்கலை. எந்த வருஷத்து வானத்தையோ போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.” தாளிலிருந்து விரலை எடுத்தார். “அதை விடு. அவங்க போய்ப் பார்த்திருந்தாலும் நான் உன்னைத்தான் நம்பியிருக்கணும். நீ மரம் விழுந்து கிடக்குன்னு சொன்னே. நான் இளங்காத்துன்னு சொன்னேன். பெட்டி மேல உக்காந்திருந்த பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதும்மா.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

“நானும்தாம்பா தினமும் பொய் சொல்லியிருக்கேன்.”

“அது பொய்க் கணக்குல வராது. இப்ப சொல்லு, ஜன்னல்கிட்ட போய்ப் பார்த்துச் சொல்லு. நிதானமாச் சொல்லு, எழுதிக்கறேன்.”

“எதுல எழுதப் போறீங்க?”

“பேப்பர்லதான். கட்டம் காலியா இருக்கே.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அச்சிட்ட எழுத்தின் மேல் அவர் ஒருநாளும் கோடு இழுத்ததில்லை. குறுக்கெழுத்துப் புதிரைக்கூட மனத்திலேயே போட்டுப் பார்ப்பவர். ‘தகவல் இல்லை’ என்பதை அடித்தார்.

அவள் நடக்கும் ஓசையும், ஜன்னல் திறக்கும் ஓசையும் கேட்டன.

“எதிர் வீட்டு மாடியில துணி காயுது. வெயில் இருக்கு, ஆனா சூடு இல்லை. காத்து கொஞ்சம். துறைமுகத்துப் பக்கம் மட்டும் கறுப்பா இருக்கு. மழை வருமான்னு தெரியலைப்பா.”

“இரு, இரு.” இடம் போதவில்லை. கட்டத்தைத் தாண்டி ரயில் நேரங்களின் மேலும் எழுத்து ஓடியது. “மழை வருமா, தெரியவில்லை. சரி, எழுதிட்டேன்.”

குடையை எடுத்துக்கொள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவர் விழுங்கிவிட்டார்.

“உனக்கு என்ன தோணுது? குடை வேணுமா?”

அவள் யோசிப்பது போலிருந்தது.

“எடுத்துக்கறேம்பா” என்றாள். “நாளைக்கும் கேளுங்க.”